ரேடார் எவ்வளவு தூரம் காணும்? பூமியின் வளைவைச் சேர்த்துக் கணக்கிடும் முறை

ஒரு ரேடாரின் விவரத்தாளில் 96 கடல் மைல் என்றோ 250 கிலோமீட்டர் என்றோ அச்சிட்டிருக்கும் எண், அனுப்பிய துடிப்பின் எதிரொலிக்காக அந்தக் கருவி எவ்வளவு தூரம் வரை காத்திருக்கும் என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. அந்தத் தூரத்தில் இருக்கும் படகையோ விமானத்தையோ மழைமேகத்தையோ அது உண்மையில் காணுமா என்பதை ஆன்டெனாவின் உயரமும், இலக்கின் உயரமும், இரண்டுக்கும் இடையில் வளைந்து கிடக்கும் பூமியும், அன்றைய காற்றின் நிலையுமே முடிவு செய்கின்றன. இவற்றை எவரும் தாமே கணக்கிட்டுக்கொள்ள முடியும். இரண்டு உயரங்களும், கைபேசியின் கணிப்பானில் உள்ள வர்க்கமூலப் பொத்தானும் போதும். கப்பலில் பணிபுரிபவர், படகு வைத்திருப்பவர், வானிலை ரேடார் படங்களை நாள்தோறும் பார்ப்பவர் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த முறையை விளக்குகிறேன்.

அடிவானத் தூரம்

பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். காற்றே இல்லை என்று கொண்டால், ஆன்டெனாவிலிருந்து புறப்படும் நேர்கோடு கடல்மட்டத்தைத் தொட்டுச் செல்லும் இடத்தின் தூரத்தைக் கிலோமீட்டரில் அறிய, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்க வேண்டும். காற்று இருப்பதால் இந்தத் தூரம் சற்றுக் கூடுகிறது. தரையருகே காற்று அடர்த்தியாகவும் ஈரமாகவும் இருக்கிறது. மேலே போகப் போக இரண்டும் குறைகின்றன. ஆகவே ரேடியோ அலை மேலடுக்கில் மிகச் சிறிதளவு வேகமாகவும் கீழடுக்கில் மிகச் சிறிதளவு மெதுவாகவும் சென்று, பூமியை நோக்கி மெல்ல வளைகிறது. சராசரியான வளிமண்டலத்தில் இந்த வளைவு பூமியின் வளைவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் வளைகோடு வரைந்துகொண்டிருக்க முடியாது என்பதால், பொறியாளர்கள் பூமியின் ஆரத்தை 4/3 மடங்காக, அதாவது ஏறக்குறைய 8,495 கிலோமீட்டராக எடுத்துக்கொண்டு, அலை நேராகவே போகிறது என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதிலிருந்து கிடைப்பது இது:

அடிவானத் தூரம் (கி.மீ.) = 4.12 × √உயரம் (மீ.)

கடல் மைலில் வேண்டுமானால் 4.12-க்குப் பதிலாக 2.2 என்று எடுத்துக்கொள்ளலாம். நீர்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அடிவானம் 4.12 × 4, அதாவது 16.5 கிலோமீட்டர். இது கடல்பரப்பு கண்ணில் படும் எல்லை மட்டுமே. இலக்குக்கும் உயரம் உண்டல்லவா? இலக்கின் உயரத்துக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட்டு, இரண்டு தூரங்களையும் கூட்ட வேண்டும். 36 மீட்டர் உயரமுள்ள சரக்குக் கப்பலுக்கு 4.12 × 6 = 24.7 கி.மீ.; இரண்டும் சேர்த்து 41.2 கி.மீ. நீருக்கு மேல் ஒரு மீட்டரே எழும் ஃபைபர் படகுக்கு 4.1 கி.மீ. மட்டுமே சேரும்; மொத்தம் 20.6 கி.மீ.

இங்கே பலர் இரண்டு உயரங்களையும் முதலில் கூட்டிவிட்டுப் பிறகு வர்க்கமூலம் எடுக்கிறார்கள். அது தவறு. 16 மீட்டர் ஆன்டெனாவுக்கும் 4 மீட்டர் இலக்குக்கும் அப்படிச் செய்தால் 18.4 கி.மீ. என்று வரும், சரியான விடை 24.7 கி.மீ. கடலில் ஆறு கிலோமீட்டர் வேறுபாடு சிறியதன்று.

கணக்கைத் திருப்பியும் போடலாம். நடைமுறையில் எனக்கு அதுவே கூடுதல் பயனுள்ளதாகப் படுகிறது. குறிப்பிட்ட தூரத்தில் எவ்வளவு உயரம் வரை பூமிக்குக் கீழே மறைந்திருக்கிறது என்று அறிய, அந்தத் தூரத்திலிருந்து உங்கள் அடிவானத் தூரத்தைக் கழித்து, மீதியை வர்க்கப்படுத்தி, 17-ஆல் வகுக்க வேண்டும். 16 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து 40 கி.மீ. தொலைவைப் பார்ப்போம்: 40-இல் 16.5 போக 23.5; அதன் வர்க்கம் 552; 17-ஆல் வகுத்தால் 32.5. ஆக, அந்த இடத்தில் 32 மீட்டருக்குக் கீழே உள்ள எதுவும் திரையில் வராது. மேலே நிமிர்ந்து நிற்கும் பெரிய கப்பலின் உச்சிப் பகுதி மட்டும் தெரியும். தொலைவிலுள்ள கரை பெரும்பாலும் உண்மையான கரைக்கோட்டில் தெரியாமல், உள்ளே தள்ளியிருக்கும் குன்றின் கோட்டில் தெரிவதும் இதனால்தான். தாழ்வான மணற்கரையை நோக்கி வரும்போது ரேடாரில் தெரியும் முதல் கோட்டைக் கரை என்று எடுத்துக்கொண்டால், உண்மையான கரை அதற்கு முன்பே வந்துவிடும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் கவனம் தேவை. கப்பலில் நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். சரக்கு ஏற்றிய கப்பல் தாழ்ந்திருக்கும், வெறுங்கப்பல் உயர்ந்திருக்கும். நிலத்தில் கட்டடத்தின் உயரத்தோடு நின்றுவிடாமல், நீங்கள் பார்க்க விரும்பும் திசையின் நிலமட்டத்துக்கு மேல் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குன்றின் விளிம்பில் நிற்கும் ஐந்து மீட்டர் கம்பம், சமவெளியில் நிற்கும் ஐம்பது மீட்டர் கோபுரத்தை வென்றுவிடும்.

பரப்பில் பட்டுத் திரும்பும் அலை

கணக்கின்படி 20.6 கி.மீ.யில் ஃபைபர் படகு தெரிய வேண்டும் என்றேன். நடைமுறையில் அந்தத் தூரத்தில் அது தெரியாது. அதில் பாதித் தூரத்துக்குள் வந்த பிறகும் தெரியாமல் போவது உண்டு. காரணம், பூமியின் பரப்பு அலையை மறைப்பதோடு நிற்பதில்லை, கண்ணாடிபோல் திருப்பியும் அனுப்புகிறது. ரேடாரிலிருந்து இலக்குக்கு நேராகப் போகும் அலை ஒன்று, கடலில் பட்டுத் தெறித்துப் போகும் அலை இன்னொன்று. தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும் அலை தலைகீழாகத் திரும்புவதால், அடிவானத்தை ஒட்டிய இடத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்கின்றன. ரேடார் அனுப்பும் அலைக்கற்றையின் வலு முதன்முதலில் உச்சத்தை எட்டும் கோணத்தை அறிய, அலைநீளத்தை ஆன்டெனா உயரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். விடை ரேடியனில் வரும், 57.3-ஆல் பெருக்கினால் பாகையாகும்.

இந்த ஒரு கணக்கு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் கரையோரத்தில் இரண்டு வகை ரேடார்களை வைத்ததன் காரணத்தை விளக்கிவிடுகிறது. சுமார் 12 மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய செயின் ஹோம் நிலையங்களுக்கு நூறு மீட்டரைத் தாண்டிய கோபுரங்கள் இருந்தன. ஆன்டெனாவின் உயரத்தை 60 மீட்டர் என்று வைத்துப் பார்த்தால் முதல் உச்சம் 12 ÷ 240 = 0.05 ரேடியன், ஏறக்குறைய 2.9 பாகை. உயரத்தில் வரும் விமானத்தைத் தொலைவிலேயே அது பிடித்தது. கடலை ஒட்டித் தாழ வந்த விமானம் கற்றைக்குக் கீழே புகுந்துவிட்டது. அதை அடைக்க, 1.5 மீட்டர் அலைநீளம் கொண்ட செயின் ஹோம் லோ நிலையங்களைச் சேர்த்தார்கள். அதே 60 மீட்டருக்கு இப்போது முதல் உச்சம் 0.36 பாகை. இன்றைய கப்பல்களின் எக்ஸ்-பேண்ட் ரேடாருக்கு அலைநீளம் வெறும் 3 சென்டிமீட்டர் என்பதால், 15 மீட்டர் உயரத்திலேயே அது 0.03 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தாழ்ந்த இலக்கைத் தேட வேண்டுமென்றால் குறுகிய அலை வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். ரேடார் வாங்குவோர் பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்வதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். திறந்த வெளியில் எதிரொலியின் வலிமை தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே 16 மடங்கு மின்திறன் கொடுத்தால் தூரம் இரு மடங்காகும். அடிவானத்தை ஒட்டிய அந்த அழிவுப் பகுதியிலோ அது எட்டாம் அடுக்கில் குறைகிறது. அதே 16 மடங்கு மின்திறனுக்குத் தூரம் 1.4 மடங்குதான் ஆகும். அடிவானத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு திறனைக் கொட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. எனவே சிறிய இலக்குகளை முன்கூட்டிக் காண விரும்புபவர் கூடுதல் கிலோவாட்டுக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் ஆன்டெனாவை உயர்த்த வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 16 மீட்டரை 25 ஆக்கினால் அடிவானம் 16.5-இலிருந்து 20.6 கி.மீ.க்குப் போகும். வரம்பில்லாமல் உயர்த்தவும் கூடாது: உயரம் கூடக்கூடக் கடலலைகளிலிருந்து வரும் கிளட்டர் (வேண்டாத எதிரொலி) கூடுதல் தூரம் வரை பரவும், கப்பலை ஒட்டிய குருட்டுப் பகுதியும் பெருகும்.

படகில் இருப்பவருக்கும் இதே கணக்கு மறுபக்கத்திலிருந்து பொருந்தும். மரமும் ஃபைபரும் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. உலோக ரேடார் பிரதிபலிப்பான் ஒன்றை வாங்கிப் படகின் தளத்தில் போட்டு வைத்தால் அது கடலலையின் கிளட்டருக்குள் மறைந்துவிடும். அதையே நான்கு மீட்டர் கம்பத்தின் உச்சியில் கட்டினால், அடிவானத்தில் 4 கி.மீ. கூடுவதோடு, முதலில் சொன்ன அழிவுப் பகுதியிலிருந்தும் அது மேலே எழுகிறது. வரும் கப்பலின் ரேடார் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதைவிட உங்கள் கம்பத்தின் உயரமே உங்களைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

தாழப் பறப்பவர்கள்

அடிவானத்துக்குக் கீழே ஒளிந்து வருவது போர்முறையாகவே வளர்ந்தது. 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் சூப்பர் எதாந்தார் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து, இடையில் சற்றே மேலெழுந்து தம் ரேடாரால் கப்பல்களைத் தேடி, மறுபடி தாழ்ந்து, எக்சோசெட் ஏவுகணைகளை ஏவின. அவற்றில் ஒன்று பட்ட பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பல் சில நாட்களில் மூழ்கியது. கப்பலுக்குள் நேர்ந்த குறைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கப்பலில் இருந்தவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நேரம் எவ்வளவு சொற்பம் என்பது புரியும். கப்பலின் ரேடார் 25 மீட்டர் உயரத்திலும் ஏவுகணை 3 மீட்டர் உயரத்திலும் இருந்தால் 4.12 × (5 + 1.73) = 27.7 கி.மீ. நொடிக்கு ஏறக்குறைய 315 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணைக்கு அந்தத் தூரம் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

இதற்குள்ள விடை ஆன்டெனாவை வானில் ஏற்றுவதுதான். பிரிட்டன் அதே ஆண்டில் சீ கிங் ஹெலிகாப்டரில் ரேடாரை அவசரமாகப் பொருத்தியது. 9,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் முன்னெச்சரிக்கை விமானத்துக்கு அடிவானம் 390 கி.மீ. இந்திய விமானப்படை 2009 முதல் ஐஎல்-76 விமானத்தின் மீது ஃபால்கன் ரேடாரையும், 2017 முதல் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிய நேத்ரா முன்னெச்சரிக்கை விமானத்தையும் வைத்திருப்பது இதற்காகவே.

வானிலை ரேடார் படத்தைப் படிப்பது

வானிலை ரேடாரில் கேள்வி சற்று மாறுகிறது. மேகம் உயரமானது, ஆகவே அடிவானத்துக்கு மறைவதைவிட, கற்றை மேகத்தின் எந்தப் பகுதியை வெட்டிச் செல்கிறது என்பதே முக்கியம். கற்றை நேராகப் போக, பூமி கீழே வளைந்து இறங்குவதால், தூரம் கூடக்கூடக் கற்றை தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகிறது. கற்றை மையத்தின் உயரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட இரண்டு உறுப்புகளைக் கூட்ட வேண்டும்: தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கியது ஒன்று, தூரத்தின் வர்க்கத்தை 17,000-ஆல் வகுத்தது இன்னொன்று. வானிலை ரேடாரின் கீழ்மட்டச் சுற்று பெரும்பாலும் அரைப் பாகைச் சாய்வில் இருக்கும். அதன் சைன் 0.0087.

சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கும் எஸ்-பேண்ட் டாப்ளர் ரேடாரை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தின் உயரத்தை இங்கே விட்டுவிடுகிறேன். 50 கி.மீ.யில் கற்றையின் மையம் தரைக்கு மேல் சுமார் 0.6 கி.மீ. உயரத்தில் இருக்கும். 125 கி.மீ. தொலைவிலுள்ள வேலூருக்கு மேல் அது 2 கி.மீ. திருவண்ணாமலைக்கு மேல் 2.9 கி.மீ. சேலம் 280 கி.மீ. தொலைவில் இருக்கிறது, அங்கே கற்றையின் மையம் 7 கி.மீ. உயரத்தில் போகிறது. ஒரு பாகை அகலமுள்ள கற்றை அவ்வளவு தூரத்தில் ஏறக்குறைய 5 கி.மீ. அளவுக்கு விரிந்தும் போயிருக்கும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் மழைமேகங்களில் பல தாழ்வானவை; உச்சி மூன்று நான்கு கிலோமீட்டரில் முடிந்துவிடும் மேகம் சென்னைக்கு அருகே படத்தில் பளிச்சென்று தெரியும், 200 கி.மீ.க்கு அப்பால் அதே மேகம் கற்றைக்குக் கீழே நின்று நன்றாக மழை பொழிந்தாலும் படம் வெறுமையாக இருக்கும். கோடை இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எழும் என்பதால் அது தொலைவிலும் தெரியும். நம் பகுதியில் உறைநிலை மட்டம் ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அரைப் பாகைக் கற்றை 225 கி.மீ.யில் அந்த மட்டத்தைத் தொடும். அதற்கு அப்பால் ரேடார் அளப்பது பெரும்பாலும் பனித்துகளையே. அதை மழை அளவாக அப்படியே மாற்றிச் சொல்வது சரியாகாது. தொலைவில் எதிரொலி தெரிந்தும் தரையில் துளியும் விழாமல் போவதற்கும் இதே உயரம் காரணமாகலாம்: மேலே உள்ள மழை கீழே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. எனவே உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள ரேடாரின் படத்தையே முதலில் பாருங்கள்.

மலை குறுக்கே வந்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். கொச்சியிலிருந்து கொடைக்கானலை நோக்கி ஒரு கோடு போட்டால், 89 கி.மீ.யில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. அரைப் பாகைக் கற்றையின் மையம் அங்கே 1.24 கி.மீ. உயரத்தில்தான் இருக்கும், கற்றையின் மேல் விளிம்பே 2 கி.மீ.தான். முழுக் கற்றையும் மலையில் மோதி நின்றுவிடும். மலையைத் தாண்ட ஏறக்குறைய 2 பாகை சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் 137 கி.மீ.யிலுள்ள கொடைக்கானலுக்கு மேல் கற்றையின் மையம் கடல்மட்டத்திலிருந்து 5.9 கி.மீ. உயரத்தில், அதாவது ஊருக்கு மேல் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் போகும். கொச்சி ரேடாரின் கீழ்மட்டப் படத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே வெறுமையாக இருப்பதைக் கண்டு அங்கே மழையில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

4.12 பொருந்தாத நாட்கள்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் சராசரிக் காற்றுக்கு. காற்றின் ஒளிவிலகல் மதிப்பு (காற்று அலையை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதன் அளவு) உயரத்தோடு கிலோமீட்டருக்கு 39 அலகு என்ற வீதத்தில் குறையும்போதுதான் 4/3 என்பது சரியாகும். அது 157 அலகு வேகத்தில் குறைந்தால் அலை பூமியின் வளைவுக்கு இணையாகவே வளைந்து செல்லும். அதற்கும் மேல் போனால் தரைக்கும் ஒரு மேலடுக்குக்கும் இடையில் சிக்கி, குழாய்க்குள் போவதுபோல் அடிவானத்தைக் கடந்து ஓடும். இதை டக்டிங் என்கிறார்கள். கடலை ஒட்டி ஈரமான காற்றும் அதன் மேல் நிலத்திலிருந்து வந்த சூடான வறண்ட காற்றும் இருக்கும்போதும், தெளிந்த இரவில் தரை குளிர்ந்து விடியும்போதும் இது எளிதில் அமையும். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று, ஆயிரம் மைலுக்கும் அப்பாலிருந்த அரேபிய நிலப்பகுதிகளிலிருந்து எதிரொலி பெற்றது இப்படித்தான்.

இது வரமாகத் தோன்றினாலும் நம்பத் தகுந்ததன்று. குழாய்க்குள் அலை சிக்கிக்கொண்டால் அதற்குச் சற்று மேலே பறக்கும் விமானம் வழக்கமான தூரத்திலும் தெரியாமல் போகலாம். மிகத் தொலைவிலிருந்து தாமதமாக வந்த எதிரொலி, அடுத்த துடிப்பினுடையது என்று கருவி தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத இடத்தில் ஒரு கரையையோ கப்பலையோ காட்டலாம். கப்பலில் இதைச் சோதிக்க, தூர அளவை மாற்றுங்கள். பெரும்பாலான ரேடார்களில் அதோடு துடிப்பு வீதமும் மாறும். உண்மையான இலக்கு அதே தூரத்தில் நிற்கும், பொய்யானது வேறு தூரத்துக்குத் தாவும். வானிலைப் படத்தில், விடியற்காலையில் ரேடாரைச் சுற்றித் தோன்றும் திட்டுகள் அடுத்தடுத்த படங்களில் நகராமல் அங்கேயே இருந்தால், டாப்ளர் திசைவேகம் (ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) சுழியை ஒட்டி இருந்தால், மேல் சாய்வுப் படத்தில் மறைந்துவிட்டால், அவை தரையின் எதிரொலிகள், மழையன்று.

மறுபக்கமும் உண்டு. குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான கடலின் மேல் வந்து அமரும்போது விலகல் குறைந்து, சில நேரங்களில் அலை மேல்நோக்கியே வளையும். அப்போது அடிவானம் கணக்கிட்டதைவிடச் சுருங்கும், 20 கி.மீ.யில் தெரிய வேண்டிய கப்பல் 15-இல்தான் தெரியலாம். கண்பார்வை குன்றும் மூடுபனியும் சில கடல்களில் இதே நிலையோடு சேர்ந்து வருவதால், அத்தகைய நேரத்தில் 4.12-க்குப் பதிலாக 3.57-ஐ எடுத்துக் கணக்கிட்டு, அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.